பேஜர் அடித்தால் ஓடும் வியாதி

மயாகுவேஸ் ஊரில் இராய்தா தோரோவுக்கு மூத்திரப்பை கோளாறு என்பது எல்லாருக்கும் தெரியும். மீன் விற்கிறவருக்குத் தெரியும், கதீட்ரல் பாதிரியாருக்குத் தெரியும், ஊர்ச் சதுக்கமான பிளாசாவில் கொலம்பஸ் சிலை நிழலில் படுத்திருக்கும் நாய்களுக்குக்கூடத் தெரிந்திருக்கும். அந்தச் செய்தி போய்ச் சேராத ஒரே இடம் இராய்தாவின் மூத்திரப்பைதான். அது பாட்டுக்கு நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

அவளுக்கு இருந்த கோளாறு வேறு. சும்மா உட்கார்ந்து காத்திரு என்று யாராவது சொன்னால் அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீ வருகிறாரா என்று வாசலில் நின்று பார்க்கும் வேலையை இவளிடம் கொடுத்தார்கள். இவள் நிற்கவில்லை. படிக்கட்டின் குறுக்கே ஒரு நூலைக் கட்டி, மறுமுனையில் தகர டப்பாவைத் தொங்கவிட்டு, மாமரத்துக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டாள். பிறகு துறைமுகத்துப் பக்கம் டூனா மீன் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தபோதும் இதே கதைதான். மேற்பார்வையாளர் வரும் வழியில் மீன் டப்பா மூடிகளைக் கோத்து வைத்தாள், அவை கலகலக்கும் வரை பெண்கள் எல்லாரும் ஊர்க்கதை பேசினார்கள். ஒருநாள் மாட்டிக்கொண்டாள். "இவளை மீனோடு விட்டால் மீனும் கெட்டுப்போகும்" என்று மேற்பார்வையாளர் அவளைத் தட்டச்சு அறைக்குத் தள்ளினார். அங்கேதான் அவள் முதன்முதலாகக் கணினியைப் பார்த்தாள். இதற்குச் சொன்னதைச் சொன்னபடி செய்துகொண்டே காத்திருக்கத் தெரியும் என்று கண்டதும் காதலில் விழுந்தாள். புருஷன் எஃப்ரைனிடம்கூட அவள் அவ்வளவு பிரியமாக இருந்ததில்லை. அவன் வேலை தேடிக் கடல் தாண்டி ஹார்ட்ஃபோர்டுக்குப் போனவன், அந்த ஊர்க் குளிர் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டான்.

ஆலையை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்த வருஷம் அவளுக்கு, ஊர் மரியாதையாகத் தோன் போட்டு அழைக்கும் ஒப்துலியோவின் இன்டர்நெட் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஒப்துலியோ அதுவரை குளிர்சாதனப் பெட்டி விற்றவர். இன்டர்நெட்டும் அப்படித்தான், வாங்கி மாட்டிவிட்டால் தானாக ஓடும் என்று நினைத்தார். பிளாசாவை ஒட்டிய ரொட்டிக்கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். அலமாரியில் மோடம்கள் அடுக்கடுக்காகக் கண்சிமிட்டிக்கொண்டிருக்க, கீழேயிருந்து வெண்ணெய் வாசனை மேலே வரும். நல்ல வேலை, நல்ல வாசனை. இந்த வேலை போனால் இராய்தாவுக்கு மிச்சம் இருந்தது இரண்டே வழி. ஒன்று மூடப்போகிற மீன் ஆலை, இன்னொன்று ஹார்ட்ஃபோர்டுக்குப் போகும் விமானம்.

கம்பெனியின் பெருமை ஒன்றே ஒன்று. "எங்களுக்கு எந்த நாளும் எழுதுங்கள், அரை மணிக்குள் பதில்" என்று ஒப்துலியோ ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டியிருந்தார். வார நாட்களில் ஆட்கள் இருந்தார்கள். சனிக்கிழமை இராய்தா முறை, ஞாயிற்றுக்கிழமை முதலாளியே முறை. முறை என்றால் நாற்காலியில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, எவனாவது கடவுச்சொல்லை மறந்துவிட்டு மின்னஞ்சல் அனுப்புகிறானா என்று காத்திருப்பது.

காத்திருப்பது! இராய்தாவா!

சன்னல் வழியே பார்த்தால் பிளாசா தெரியும். மரநிழலில், புள்ளி போட்ட காய்களை எண் பொருத்தி வரிசையாகச் சேர்க்கும் டோமினோ ஆட்ட மேசைகள். காய்களைக் கலைக்கும் சத்தம் மாடிவரை கேட்கும். இரண்டு சனிக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வாரம், வாடிக்கையாளர் ஒருவர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன, இடி விழுந்து ஓரம் உருகிய பழைய மோடம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தாள். அதன் ஒலிபெருக்கியை அணைக்க முடியாது, சதா முனகிக்கொண்டே இருக்கும். மற்றபடி திடகாத்திரம். அதைத் தொலைபேசிக் கம்பியில் மாட்டி, கணினியில் பதினைந்து வரிக்கு ஒரு சின்ன நிரல் எழுதினாள்.

நிரல் செய்தது இவ்வளவுதான். நொடிக்கு நொடி அஞ்சல் பெட்டியை எட்டிப் பார்க்கும். புதுக் கடிதம் வந்திருந்தால், எழுதியவர் யார் என்று பார்க்கும். ஆளுக்கு ஓர் எண் வைத்திருந்தாள்: தேவாலயத்து அலுவலகத்துக்குப் பதினொன்று, வாராவாரம் கடவுச்சொல்லை மறக்கும் நோட்டரிக்கு இருபத்திரண்டு, பல் டாக்டர் சப்பாத்தாவுக்கு ஐம்பத்தைந்து, முதலாளிக்குத் தொண்ணூற்றொன்பது. உடனே மோடத்தை எழுப்பி, பேஜர் கம்பெனிக்கு டயல் செய்யச் சொல்லும். அங்கே பதிவு செய்த குரலில் ஓர் அம்மாள் "வணக்கம், நீங்கள் அழைத்த பேஜருக்கு எண்ணைச் செலுத்த..." என்று நீட்டி முழக்குவாள். அவள் பேசி முடிக்கும்வரை மோடம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்காகத் தொலைபேசி எண்ணுக்குப் பின்னால் காற்புள்ளிகள் போட வேண்டும். ஒவ்வொரு காற்புள்ளிக்கும் மோடம் கொஞ்சம் மூச்சை அடக்கிக் காத்திருக்கும். முதலில் இராய்தா சிக்கனமாகப் போட்டாள். அந்த அம்மாள் வணக்கம் சொல்லும்போதே மோடம் எண்ணைக் கொட்டிவிட்டது. பிறகு வரிசையாகக் காற்புள்ளிகளை அடுக்கினாள். அம்மாள் ஓய்ந்ததும் மோடம், பல் டாக்டர் கடிதம் என்றால், ஐந்து ஐந்து என்று தட்டிவிட்டு வைத்துவிடும். அடுத்த நிமிஷம் இராய்தாவின் இடுப்பில் இருக்கும் பேஜர் விர்ரென்று துடித்து, தன் சின்னத் திரையில் அந்த எண்ணைக் காட்டும். தன் வாழ்நாளின் காத்திருப்பையெல்லாம் அந்தக் காற்புள்ளிகள் தலையில் கட்டிவிட்டோம் என்று அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

அன்றைக்கே பிளாசாவில் இறங்கிவிட்டாள்.

அவளுக்கு ஜோடியாகக் கிடைத்தவர் நினோ. சர்பத் ஊற்றிய சீவல் ஐஸ் விற்கிறவர். வண்டியைப் பக்கத்தில் நிறுத்திவிட்டுத்தான் ஆடுவார், ஐஸ் வேண்டியவர்கள் ஆட்டம் முடியும்வரை நிற்க வேண்டும். நினோவுக்குச் சொத்து என்று இருந்தது ஒரு வண்டியும் ஒரு நல்ல பெயரும். டோமினோ மேசையில் ஜோடியிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கண்ணைக் காட்டக் கூடாது, இருமக்கூடக் கூடாது. நினோ தும்மல் வந்தால் எழுந்து போய் நாலு மரம் தள்ளித் தும்மிவிட்டு வருவார். இத்தனை வருஷத்தில் யாரும் அவரைப் பார்த்து ஒரு சந்தேகச் சொல் சொன்னதில்லை.

முதல் சனிக்கிழமை ஆட்டத்தின் நடுவில் பேஜர் துடித்தது. இருபத்திரண்டு, நோட்டரி. இராய்தா குதித்து எழுந்தாள்.

"எங்க ஓடறே?" என்றார் நினோ.

அலுவலகத்துக்கு என்று சொல்ல முடியாது. பக்கத்து மேசையில் ஒப்துலியோவின் கூட்டாளி உட்கார்ந்திருந்தான். "ஒரு அவசரம்..." என்று இழுத்துவிட்டு ரொட்டிக்கடைப் பக்கம் ஓடினாள். மாடியேறிப் புதுக் கடவுச்சொல் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது மேசையில் எல்லாரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அடுத்த தடவை பேஜர் துடித்து எழுந்ததும் நினோவே சொன்னார்: "போயிட்டு வாம்மா, அடக்கக் கூடாது."

அப்புறம் என்ன, ஊர் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா தோன்யா மிக்தாலியா சோளக்கதிர் முடியைக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தாள். மறுநாள் பார்ஸ்லித் தண்ணீர். அதற்கு மறுநாள் வெறுங்காலோடு ஈரத்தரையில் நடக்காதே என்று செருப்பு. இராய்தா எல்லாவற்றையும் குடித்தாள், செருப்பையும் போட்டுக்கொண்டாள். வாய் திறந்து அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊர் சொன்னதை மறுக்கவில்லை, அவ்வளவுதான். கடைசியில் மிக்தாலியா கந்தெலாரியா மாதாவிடமே போய்விட்டாள்: "இந்தப் பொண்ணுக்குக் குணமாச்சுன்னா உன் திருவிழா ஊர்வலத்துல இவ செருப்பில்லாம நடப்பா தாயே."

"என்னைக் கேக்காம என் காலை வச்சு வேண்டிக்கிட்டீங்களேம்மா" என்றாள் இராய்தா.

"உன் மூத்திரப்பை, உன் காலு. என் காலை வச்சா வேண்டிக்க முடியும்?" என்றாள் மிக்தாலியா.

இதில் ஒரு சின்ன விஷயத்தை இராய்தா கவனிக்காமல் விட்டிருந்தாள். நிரலுக்குக் கிழமை தெரியாது. ஞாயிற்றுக்கிழமையும் பேஜர் அடித்தது. முதலாளி அங்கேதானே இருப்பார் என்று முதலில் விட்டுவிட்டாள். அதே எண் திரும்பத் திரும்ப வந்ததும், என்னவோ ஏதோ என்று மாடியேறிப் பார்த்தாள். நாற்காலி காலி. மேசையின் மேல் ஒரு சேவல் இறகு மட்டும் கிடந்தது. அன்யாஸ்கோ என்ற பக்கத்து ஊரில் ஞாயிற்றுக்கிழமைதான் சேவல் சண்டை என்பது யாருக்குத் தெரியாது? இராய்தா நாற்காலியில் உட்கார்ந்து, வந்த கடிதத்துக்குப் பதில் எழுதி, கீழே ஒப்துலியோ என்று கையெழுத்துப் போட்டாள். மறுநாள் அந்த வாடிக்கையாளர் வந்து முதலாளியின் கையைக் குலுக்கினார். ஒப்துலியோ கண நேரம் முழித்தார். அப்புறம் "நம்ம கடமைங்க" என்று நெஞ்சை நிமிர்த்தினார். யார் எழுதியது என்று அவர் விசாரிக்கவில்லை, இராய்தாவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இப்படியே நடந்தது. ஒப்துலியோவின் மனைவி தோன்யா எல்பீதியா மட்டும் வாராவாரம், "பாவம், ஞாயித்துக்கிழமைகூட மனுஷன் ஆபீஸே கதின்னு கிடக்கறாரு" என்று தேவாலய வாசலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி வந்தது, மாதா திருவிழாவும் வந்தது. ஞாயிறு ஊர்வலம், முந்தின நாள் சனிக்கிழமை பிளாசாவில் டோமினோ இறுதி ஆட்டம். நினோவும் இராய்தாவும் ஒரு பக்கம். எதிரே, யாரும் எதிர்பாராதபடி எல்லாரையும் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள் ஒப்துலியோவும் அவர் கூட்டாளியும்.

"இன்னிக்கு உன் முறையாச்சே, ஆபீஸ்ல யாரு?" என்றார் ஒப்துலியோ.

"ஆள் வச்சிட்டுத்தான் வந்திருக்கேன் முதலாளி. சாப்பாடு கேக்காது, தூங்காது."

"எவனாவது கல்லூரிப் பையனா? அவன் எங்க தூங்காம இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே அவர் காய்களைக் கலைத்தார்.

நடுவர் பகான், ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜென்ட். வேலையை விட்டாலும் குரலை விடாதவர். சாவி, மூக்குக்கண்ணாடிக் கூடு, பேஜர், எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது, எல்லாம் மேசை மேல் கண்ணுக்குத் தெரிய இருக்க வேண்டும் என்றார். இராய்தா பேஜரை இடுப்பிலிருந்து கழற்றி மேசையில் வைத்தாள். கூட்டம் நாலு பக்கமும் நெருக்கிக்கொண்டு நின்றது.

ஆட்டம் பாதி ஓடியிருக்கும். பேஜர் துடித்தது. ஐம்பத்தைந்து. பல் டாக்டர்தானே, இருக்கட்டும் என்று விட்டாள். இந்த மாதிரி நேரத்துக்கென்றே அவள் இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தாள். எழுதியவருக்கு "உங்கள் கடிதம் கிடைத்தது, கவனித்துக்கொண்டிருக்கிறோம்" என்று ஒரு பதிலை நிரலே அனுப்பிவிடும். கையிலிருக்கும் காயை இறக்கிவிட்டு நிதானமாகப் போகலாம்.

பேஜர் மறுபடியும் துடித்தது. ஐம்பத்தைந்து. இன்னும் இரண்டு காய் இறங்குவதற்குள் மறுபடியும். மீண்டும். டாக்டர் வீட்டில் தீயா என்று ஒரு கணம் பயந்தாள். அப்புறம்தான் தலையில் இடி விழுந்தது போல ஞாபகம் வந்தது. நேற்று சப்பாத்தா அலுவலகத்துக்கு வந்திருந்தார். "திருவிழா லீவுல சொந்த ஊருக்குப் போறேன், எனக்கு எழுதறவங்களுக்குத் தானா பதில் போற மாதிரி பண்ணிக் குடும்மா" என்றார். இவளே உட்கார்ந்து செய்து கொடுத்தாள்: "மருத்துவமனை விடுமுறை. பல்வலிக்குக் கிராம்பு வைக்கவும்." இப்போது சப்பாத்தா கிளம்பும் அவசரத்தில் எதையோ கேட்டு ஒரு கடிதம் போட்டிருக்கிறார். இராய்தாவின் நிரல், கவனிக்கிறோம் என்றது. டாக்டரின் கணினி, கிராம்பு வை என்றது. இது புதுக் கடிதமாயிற்றே என்று இராய்தாவின் நிரல் மறுபடி கவனிக்கிறோம் என்றது. அது மறுபடி கிராம்பு வை என்றது. ஆளே இல்லாத இரண்டு அறைகளில் இரண்டு கணினிகள் ஒன்றுக்கொன்று மரியாதை செய்துகொண்டிருந்தன. இரண்டுக்கும் சொல்லிக் கொடுத்தவள் இவள்தான்.

எழுந்து ஓடவும் முடியாது. இராய்தா கையில் ஒரே ஒரு காய் பாக்கி, இரட்டை ஐந்து. நினோ அதை மோப்பம் பிடித்திருந்தார். அவர் போட்ட காயில், மேசையில் நீண்ட காய் வரிசையின் ஒரு முனை ஐந்தாக நின்றது, அதோடு ஒட்டி இரட்டை ஐந்தை இறக்கிவிட்டால் வெற்றி. நடுவில் ஒப்துலியோ மட்டும் தன் காயைப் போட்டு அந்த முனையை அடைக்காமல் விட்டால் போதும்.

அந்த நேரம் பார்த்துப் பேஜர் விர்ரென்று துடித்துக்கொண்டே மேசை மேல் நகர ஆரம்பித்தது. நண்டு மாதிரி பக்கவாட்டில் ஊர்ந்து போய், ஒப்துலியோ முன்னால் நிறுத்தியிருந்த காய்களை முட்டியது. காய்கள் சடசடவென்று மல்லாந்தன. அவரிடம் ஐந்தே இல்லை என்று ஊரே பார்த்தது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒப்துலியோவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பேஜரைப் பிடுங்கினார். திரையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"பகான்! இங்க வா! ஐம்பத்தஞ்சு, ஐம்பத்தஞ்சு, ஐம்பத்தஞ்சு! வரிசையா இதான்! இவ கையில என்ன காய் இருக்கு, காட்டச் சொல்லு!"

பகான் இராய்தாவின் காயைத் திருப்பினார். இரட்டை ஐந்து.

"பாத்தியா! இவ பின்னாடி நின்னு காயைப் பாத்தவன் எவனோ, மூலையில இருக்கற டெலிபோன்ல போய் நம்பரைத் தட்டறான். பேஜர் நடு மேசையில இருக்கு. நினோ அதப் படிச்சிட்டு அஞ்சைப் போடறாரு. ரெண்டு பேரும் திருடங்க!"

சிரிப்பு நின்றது. பிளாசாவில் ஏமாற்றியவனுக்கு ஒரே தண்டனைதான்: அவன் நாற்காலியை மேசைக்கு முதுகு காட்டித் திருப்பி வைப்பார்கள். அதன்பின் அவன் சாகும்வரை அங்கே உட்கார முடியாது. பகான் நினோவின் நாற்காலி முதுகில் கையை வைத்தார்.

நினோ கத்தவில்லை. இராய்தாவைப் பார்த்தார். "அது என்ன நம்பரும்மா?" என்றார். அவ்வளவுதான். அந்தக் கேள்வியில் ஒரு துளி சந்தேகம் இருந்தது, அது இராய்தாவைக் குத்தியது. இத்தனை மாதம் தன் பக்கத்தில் உட்கார்ந்து, அடக்கக் கூடாதும்மா என்று சொல்லி அனுப்பிய மனிதர். வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை பிழைக்கும். திறந்தால் ஹார்ட்ஃபோர்டு. தன் சாமர்த்தியத்தின் மேலேயே அவளுக்கு முதல் தடவையாக எரிச்சல் வந்தது.

"எனக்கு மூத்திரப்பை கோளாறே கிடையாது" என்றாள் உரக்க.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மிக்தாலியா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"பல் டாக்டர் கிட்டேருந்து மெயில் வந்தா அந்த நம்பர் வரும். ஆபீஸ்ல இருக்கற மோடம்தான் போன் போடுது. அங்க ஆள் யாரும் இல்ல. எந்தச் சனிக்கிழமையும் இருந்ததில்ல. மெயில் வந்தாத்தான் நான் எழுந்து ஓடுவேன். நம்பலைன்னா வந்து பாருங்க. பேஜரை முதலாளியே கையில வச்சுக்கட்டும்."

பகான் முன்னே நடந்தார், பின்னால் பிளாசாவே நடந்தது. ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு சேர்ந்துகொண்டார். மாடி அறை கொள்ளவில்லை, படிக்கட்டிலும் ஆட்கள். நாற்காலி காலி. உருகிய மோடம் மட்டும் அலமாரி ஓரத்தில் முனகிக்கொண்டிருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தானாக டயல் செய்தது. மணி அடித்தது. "வணக்கம், நீங்கள் அழைத்த பேஜருக்கு..." என்று அந்த அம்மாள் ஆரம்பித்தாள். ரொட்டிக்கடைக்காரர் தொப்பியைக் கழற்றினார். அம்மாள் முடித்தாள், காற்புள்ளிகள் பொறுமையாகக் காத்திருந்தன, இரண்டு தட்டல் கேட்டது. பிறகு ஒப்துலியோவின் கைக்குள் பேஜர் துடித்தது. அவர் பல்லியைப் பிடித்தவர் போலத் துள்ளினார்.

"ஐம்பத்தஞ்சு!" என்று படித்தார் பகான். கூட்டம் ஆர்ப்பரித்தது. "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்றார்கள். மோடமும் யாரையும் ஏமாற்றவில்லை, இன்னொரு தடவை செய்தது.

பகான் திரும்பி நினோவுக்குக் கை கொடுத்தார். நினோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, தும்மல் என்றார்.

ஆனால் ஒப்துலியோவுக்கு இப்போதுதான் விஷயம் முழுசாக உறைத்தது. "அப்ப சனிக்கிழமை சனிக்கிழமை இந்த நாற்காலியில யாருமே இல்ல."

"இல்ல முதலாளி."

"ஊரு பூரா போஸ்டர் ஒட்டியிருக்கேன். மானத்தை வாங்கிட்டியே. திங்கட்கிழமை இந்தப் படியேறாத."

"சரிங்க" என்றாள் இராய்தா. குரல் உடைந்தது. ஆனால் அவள் இராய்தா அல்லவா, உடைந்த குரலுக்குள்ளும் ஏதோ ஒன்று வாலை ஆட்டியது. "போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன் முதலாளி. சனிக்கிழமை கதை சரி. ஞாயித்துக்கிழமை..."

கதவோரத்தில் தோன்யா எல்பீதியா நின்றிருந்தாள். ஒப்துலியோ அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஞாயித்துக்கிழமை என்ன ஞாயித்துக்கிழமை!" என்று பாய்ந்தார். "எல்லாம் எனக்குத் தெரியும்! இந்த மோடத்தை வைக்கச் சொன்னதே நான்தான்! இவளைச் சும்மா சோதிச்சுப் பாத்தேன், உண்மையைச் சொல்றாளான்னு. சொல்லிட்டா. நல்ல பொண்ணு. திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்துடும்மா."

கூட்டத்தில் ஒருத்தர்கூட நம்பவில்லை, எல்லாரும் கை தட்டினார்கள். இராய்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போது கதவோரத்திலிருந்து வெண்ணெய் தடவினாற்போல ஒரு குரல் வந்தது.

"அப்படிங்களா?" என்றாள் எல்பீதியா. "ஆளே இல்லாம மெஷினே எல்லாம் பாத்துக்கும். ஏற்பாடு பண்ணதும் நீங்க. அப்ப ஞாயித்துக்கிழமை காலையில ஆபீஸுக்குன்னு கிளம்பி, சாயங்காலம் சட்டையில இறகோட வர்றீங்களே, அது எந்த மெஷினோட இறகு?"

தான் தோண்டிய குழியில் ஒப்துலியோவேதான் விழுந்திருந்தார். எல்பீதியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கையை நீட்டினாள். அவர் பேஜரை அந்தக் கையில் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இது என் இடுப்புல இருக்கட்டும்" என்றாள்.

இராய்தா நிரலை நிறுத்தி, மோடத்தின் கம்பியையும் பிடுங்கி, இரண்டு கணினிகளின் சம்பாஷணையையும் முடித்துவைத்தாள். எல்லாரும் திரும்பிப் போய் மேசையைச் சுற்றி நின்றார்கள். ஆட்டம் விட்ட இடத்தில் இருந்தது. ஒப்துலியோவிடம் ஐந்து இல்லை, மறுமுனைக்குப் பொருந்தும் காயும் இல்லை, விரலால் மேசையைத் தட்டித் தன் முறையை விட்டுக்கொடுத்தார். இராய்தா இரட்டை ஐந்தை மேசை அதிர அறைந்தாள். நினோ அன்று அத்தனை பேருக்கும் புளி சர்பத் ஊற்றி ஐஸ் கொடுத்தார். இராய்தாவுக்கு மட்டும் கொடுக்குமுன் கையை இழுத்துக்கொண்டார்.

"இனிமே எங்கிட்டப் பொய் சொல்லாத."

"சொல்ல மாட்டேன் நினோ."

"மிக்தாலியாகிட்ட நீயே பேசிக்கோ. அது என்னால ஆகாது."

மிக்தாலியாவிடம் பேசுவது யாராலும் ஆகவில்லை. வியாதியே இருந்ததில்லை அம்மா என்று இராய்தா தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"நேத்து வரைக்கும் இருந்துது, இன்னிக்கு இல்ல. இதுக்குப் பேரு என்ன? அற்புதம்!" என்றாள் மிக்தாலியா. "சோளமுடி குடிச்சபோது இனிச்சுதுல்ல? நாளைக்குச் செருப்பைக் கழட்டு."

ஞாயிறன்று வெயில் கொளுத்தியது. கந்தெலாரியா மாதாவைப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன் தண்டில் தோள் கொடுத்தவர் ஒப்துலியோ. சேவல் சண்டைக்குப் போக முடியாத துக்கத்தைப் பக்தி என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் கையில் மெழுகுவத்தியோடு, வெறுங்காலில், சூட்டுக்குத் தக்கபடி தாவித் தாவி இராய்தா வந்தாள். காலையில் அவள் மோடத்தைச் சரிசெய்கிறேன் என்று மாடிக்குப் போய் ரொம்ப நேரம் இருந்துவிட்டு வந்திருந்தாள். வேறு என்ன சரிசெய்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

ஊர்வலம் பிளாசாவுக்குள் திரும்பியபோது எல்பீதியாவின் இடுப்பு விர்ரென்றது. குனிந்து பார்த்தாள்.

"தொண்ணூத்தொம்பதுன்னு காட்டுது. இது யாரும்மா?"

முதலாளிக்குத் தானே வைத்த எண்ணைக் கேட்ட இராய்தா மெழுகுவத்தியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அவசரமான ஆளும்மா. காத்திருக்கவே மாட்டாரு."

எல்பீதியா விரலை நீட்டினாள். ஒப்துலியோ தண்டைப் பக்கத்தில் வந்தவர் தோளில் மாற்றிவிட்டு, கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரொட்டிக்கடைப் பக்கம் பறந்தார். படியேறும்போதே மறுபடியும் அடித்தது.

மாதாவுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த பாதிரியார் முந்தின நாள் பிளாசாவுக்கு வராதவர். ஓடுகிறவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடப்பாவமே, ஒப்துலியோவுக்குமா?"

"ஆமா சாமி" என்றாள் மிக்தாலியா, ஜெபமாலையை உருட்டிக்கொண்டே. "நீங்க கவலைப்படாதீங்க. அவருக்கும் வேண்டிக்கிட்டேன்."